அதே குழாய், அதே அடைப்பு

ஜூன் 3

அன்புள்ள குட்டிக்கு,

நலம்தானே? போனில் பேசினால் உடனே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா பக்கவாதத்தில் போனதால் நம் இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்களே, முடிவு வந்துவிட்டது. இருவருக்கும் மூளையில் ஒரே ரத்தக்குழாயில் பாதி அடைப்பு. இருவருக்கும் அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் ஆபத்து எனக்குத்தான் அதிகமாம். அடைப்பின் அளவு மட்டுமல்ல, குழாயின் சுவர் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் சொல்கிறார்கள். உன்னுடையது சாதுவாக இருக்கிறதாம்.

உப்பைக் குறைத்து, தினமும் நடந்து, நாக்கைக் கட்டி வாழ்ந்தவள் நான். நீ இஷ்டத்துக்குத் தின்றாய். சின்ன வயதில் நல்ல கூந்தல் உனக்கு. இப்போது நல்ல குழாயும் உனக்கா? வயிறு எரிகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எரிகிறதா? இங்கே வந்து பார். உன் முடிவு தெரிந்ததுமே அம்மா பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணனும் உன்னைத்தான் விசாரிக்கிறான். என்னிடம் எல்லோரும், "உனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கே" என்கிறார்கள்.

போன வாரம் தையல் கடையில் கத்தரிக்கோல் வலது கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை. இவரைக் கூப்பிட்டால் நாக்கு குழறியது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. தூக்கக் கலக்கம் என்று சிரித்தார். நீ தும்மியிருந்தால் வீடே திரண்டிருக்கும். கொஞ்ச நாள் நாம் பேச வேண்டாம்.

குட்டி

ஜூன் 17

குட்டி,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் வீட்டுக்காரரும் எடுக்கவில்லை. இதை உன் அத்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். வாசலில் சண்டை வேண்டாம் என்றுதான் நான் வரவில்லை. படித்ததும் காரில் ஏறு.

அது தூக்கக் கலக்கம் இல்லை. டாக்டரிடம் கேட்டேன். "அறிகுறியே இல்லாதவங்களுக்குச் சொன்ன கணக்கும்மா அது. உங்க தங்கச்சிக்கு அறிகுறி வந்தாச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஆபத்தில் முதலிடம் என்று எனக்கு ஒன்று கிடைத்தது. அதையும் பிடுங்கிக்கொண்டாய். வைத்துக்கொள். ஆனால் ஏறு.

அக்கா

ஜூன் 25

அக்கா,

நான் சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறார். என் கைக்கு ஒன்றுமில்லை. மருந்து ஏற ஊசி குத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கையும் பேச்சும் போயிருக்கலாம் என்கிறார் டாக்டர். இவர் இப்போது சிரிப்பதில்லை.

அம்மா இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள், தெரியும்தானே. என் கட்டிலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். இதற்குத்தான் ஆசைப்பட்டேன், ஆனால் கிடைத்ததும் நீ அங்கே தனியாக மாத்திரை விழுங்குவதுதான் கண்ணில் நிற்கிறது. அவளை உன்னிடமே அனுப்பிவைக்கிறேன் என்று முதலில் இவரை எழுதச் சொன்னேன். அது வேண்டாம், நீயே இங்கே வா. சண்டை போட்டாலும் பரவாயில்லை.

குட்டி