ஏழாம் வருஷத்துப் பூட்டு

கெரெம் ஹனான்
ஆகஸ்ட் 6, 1980

அன்புத் தங்கை ஃப்ரெஹாவுக்கு,

அண்ணன் மக்லூஃப் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? நெசவாலையில் நின்று நின்று வந்த முதுகுவலி தேவலையா?

மோசேயின் சட்டப்படி இந்த ஏழாம் வருஷம் முழுக்க இங்கே நிலம் நன்றாக ஓய்வெடுக்கிறது. உன் அண்ணி அலீஸின் வாய்தான் ஓயவில்லை. "நிலத்துக்கு லீவு விட்டா, நீ ஏன்யா என் அடுப்படியையே சுத்திச் சுத்தி வர்றே?" என்கிறாள். உழவில்லை, கவாத்தில்லை, வேறு எங்கே போவேன்? ஜெபக்கூடத்தில் மட்டும் ஏக மரியாதை. ஏழாம் வருஷத்தை முழுசாகக் கடைப்பிடிக்கிற மனுஷன் என்று முன் வரிசையில் உட்கார வைக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் திராட்சைத் தோட்டத்துக் கேட்டில் ஒரு கூடை தொங்கியது. பிடியில் நீலத் துணி சுற்றியிருந்தது. அம்மாவின் கூடை. அது உன்னிடம்தானே இருந்தது? நீ வந்தாயா? வந்தவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் போவாயா, அசடே! சங்கிலி போட்டிருந்தது உண்மைதான். ஆட்டு மந்தை புகுந்து கொடியைக் கடித்துவிடுகிறது, அதற்காகத்தான். மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்,
மக்லூஃப்


தீமோனா
ஆகஸ்ட் 14

அண்ணனுக்கு,

வந்தேன். நிஸ்ஸிமும் ஓர்லியும் கூட வந்தார்கள். இரண்டு பஸ் மாறி, மேட்டுச் சாலையில் வெயிலில் நடந்து வந்தோம்.

அப்பா போனபோது, பண்ணையைத் துண்டு போடக் கூடாது, ஒரு பிள்ளைக்குத்தான் என்று கிராமத்துச் சட்டத்தைச் சொல்லி உன் பேரில் எழுதினார்கள். நான் வாயைத் திறந்தேனா? இந்த ஆறு வருஷத்தில் ஒரு குலை திராட்சை கேட்டேனா? கேட்க எனக்கு வாய் வராது, அது உனக்கே தெரியும். ஏழாம் வருஷம் வரட்டும் என்று காத்திருந்தேன். இந்த ஒரு வருஷம் யாரையும் கேட்க வேண்டாமே. விளைந்தது யாருக்கும் சொந்தமில்லை, கேட் திறந்திருக்க வேண்டும், வழிப்போக்கன்கூட உள்ளே போய்ப் பறித்துத் தின்னலாம். வழிப்போக்கனுக்கு உள்ள உரிமை எனக்கும் இருக்கும் என்று நினைத்தேன்.

"இது தாத்தா தோட்டம்னியே, ஏம்மா பூட்டியிருக்கு?" என்று நிஸ்ஸிம் கேட்டான். ஆடு வரும்டா என்று சொன்னேன். பார், நீ எழுதப்போகிற பொய்யை நான் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

கூடையை மறந்துவிட்டு வரவில்லை. மாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

உன் நாய் மட்டும் கேட் வரை ஓடி வந்து வாலாட்டியது. அதற்காவது எங்களை அடையாளம் தெரிந்தது.

ஃப்ரெஹா


கெரெம் ஹனான்
ஆகஸ்ட் 24

ஃப்ரெஹா, என் கண்ணே,

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நாயைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த வரியிலேயே நான் செத்தேன். அது என் காலை விட்டு நகராத நாய் என்று உனக்குத் தெரியாதா என்ன.

ஆமாம், நான் உள்ளேதான் இருந்தேன். கொட்டகைக் கதவுக்குப் பின்னால். உன்னைப் பார்த்தேன். சங்கிலியை நீ இரண்டு முறை இழுத்துப் பார்த்ததையும், ஓர்லி செருப்பைக் கழற்றி மண்ணை உதறியதையும் பார்த்தேன். வெளியே வந்திருந்தால் நீ உள்ளே வந்திருப்பாய். உள்ளே வியாபாரியின் லாரி நின்றது. முழுத் தோட்டத்தையும் அவனுக்குப் பேசி விற்றிருந்தேன். ஏழாம் வருஷத்துப் பழத்தை, விற்கவே கூடாத பழத்தை. ஆட்டுக்காகப் போட்ட பூட்டில்லை அது. ஊர்க்காரன் யாரும் உள்ளே வந்து பார்த்துவிடக் கூடாதே என்று போட்டது.

வருமானமில்லாத வருஷம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அலீஸுக்குத் தெரிந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அந்தக் காசு அலமாரியில் கிடக்கிறது, தொட மாட்டேன் என்கிறாள். நானும் தொடவில்லை. ஜெபக்கூடத்தில் முன் வரிசையை விட்டு எழுந்து, ஏன் என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னேன். கேட்டைக் கீலோடு பெயர்த்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

கிணற்றடியில் அப்பா நட்ட கறுப்புக் கொடி மட்டும் தாமதமாகப் பழுக்கும். அதை லாரிக்காரன் பறிக்கவில்லை. வந்து பறித்துக்கொள், தாயே. என்னைத் திட்டவாவது வா.

பாவி,
மக்லூஃப்


தீமோனா
செப்டம்பர் 10, புத்தாண்டுக்கு முந்தின நாள்

அண்ணனுக்கு,

நாலு மணிக்கு ஆலையில் விட்டார்கள். சூரியன் விழுவதற்குள் எழுதிவிட வேண்டும். இன்றோடு ஏழாம் வருஷம் முடிகிறது, கடனெல்லாம் இன்றோடு தள்ளுபடி.

அப்பாவிடம் விதைக்குக் கடன் வாங்கியவர்கள் புத்தாண்டு கழிந்து வருவார்களே, நினைவிருக்கிறதா? பணத்தை நீட்டுவார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "விட்டாச்சு, நீ தர வேண்டாம்" என்பார். அப்படிச் சொல்லத்தான் வேண்டும், அது சட்டம். சிலர் "ஆனாலும்" என்று சொல்லி அவர் கையில் வைப்பார்கள், வாங்கிக்கொள்வார். சிலர் சரி என்று பணத்தை மடியில் முடிந்துகொண்டு போய்விடுவார்கள். அவர்களை அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் தேநீர் குடித்ததும் இல்லை.

அந்தப் பூட்டுக்கும் கொட்டகைக் கதவுக்கும் நீ எனக்குப் பட்ட கடனை விட்டுவிட்டேன். நீ எனக்கு ஒன்றும் தர வேண்டாம். நானும் பறிக்க வரப்போவதில்லை.

நல்ல வருஷமாக இருக்கட்டும்.

ஃப்ரெஹா


கெரெம் ஹனான்
செப்டம்பர் 16

ஃப்ரெஹா,

ஆனாலும்.

பாவமன்னிப்பு நாள் உபவாசத்துக்கு முன்னால், வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அம்மாவின் கூடையில் கறுப்புத் திராட்சை கொண்டு வருகிறேன். உன் கதவைத் தட்ட மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன். வெளியே நிற்பேன். நீ உள்ளேதான் இருக்கிறாய் என்று தெரிந்தாலும் நிற்பேன்.

நிஸ்ஸிம் கேட்டால் ஆடு என்று சொல்லாதே. மாமா என்று சொல்.

மக்லூஃப்