எட்டுச் சுற்று

அலோன், ரங்கூன்
6 ஜூன் 1926

அடே பீர்,

நலம். மழை பிடித்துவிட்டது. இங்கே மழையில்தான் புட்பால்.

அரிசி மில் கம்பெனி என்னைத் தன் டீமுக்குக் கோச்சாக வைத்திருக்கிறது. கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற வேலை. ஆறு வருஷத்துக்குப் பிறகு மைதானம். பையன்கள் எதிரில் "சயா" என்கிறார்கள். வாத்தியார் என்று அர்த்தம். திரும்பினால் "நொண்டிச் சயா". உன் தம்பி ரவூபும்தான்.

அவன் எங்கள் கிட்டங்கியில் மூட்டைக்கு முத்திரை குத்துகிறான். இடது ஓரத்தில் ஓடினால் பிடிக்க ஆளில்லை. நான் ஓடியதைவிட நன்றாக ஓடுகிறான். பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ராஜரத்தினம்

நாகப்பட்டினம்
19 ஜூன் 1926

அன்புள்ள ரத்தினம்,

நீ சயாவா? பரீட்சையில் என் தாளைப் பார்த்து எழுதினவன்.

உம்மா ரவூபுக்குப் பெண் பேசி முடித்துவிட்டார். உம்மு சல்மா. சொந்தம்தான். மழை ஓய்ந்ததும் அவனைக் கப்பலேற்றிவிடு.

அதுவரை ஆடட்டும். ஆனால் அடிபட்டால் உட்கார வை. கல்லூரிக் கடைசி ஆட்டத்தில் கால் சுளுக்கி, கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினாய். அதன் பிறகு உனக்கு ஆட்டமே இல்லை. அதை மறக்காதே.

முழுசாக அனுப்பு.

பீர் முகைதீன்

அலோன்
22 ஆகஸ்ட் 1926

பீர்,

இறுதி ஆட்டம் நேற்று. எதிரே பட்டாளத்து டீம். அவர்கள் பூட்ஸ், நாங்கள் வெறுங்கால்.

பாதி ஆட்டத்தில் ரவூபின் கணுக்காலில் மிதித்துவிட்டார்கள். உட்கார வைக்கத்தான் நினைத்தேன். "சயா, நீங்க சொன்னா ஆடுறேன்" என்றான். சொன்னேன்.

அன்று நீ எனக்குப் போட்ட அதே கட்டு. ஈரத் துணி, எட்டுச் சுற்று, குதிகாலில் முடிச்சு. கட்டியதும் வலி போய்விட்டது என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒன்றுக்கு ஒன்று. செவ்வாய்க்கிழமை மறு ஆட்டம். அதுவரை கட்டை அவிழ்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவிழ்த்தால் வீங்கும்.

கோபப்படாதே. கோப்பை பக்கத்தில் வந்துவிட்டது.

ராஜரத்தினம்

நாகப்பட்டினம்
31 ஆகஸ்ட் 1926

ரத்தினம்,

தந்தி அடித்திருக்கிறேன். கட்டை அவிழ்.

ஈரத் துணி காய்ந்தால் இறுகும். அன்று ஆட்டம் முடிந்த உடனே அறுத்து எடுத்தேன். அதை உனக்குச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் சொல்லவில்லை. அன்று உனக்குச் சுளுக்கு இல்லை. காலைத் தொட்டபோது எலும்பு நொறுங்கும் சத்தம் என் விரலுக்குக் கீழே கேட்டது. சுளுக்கு என்றேன். நீ இல்லாமல் ஜெயிக்க முடியாது.

உன் பிடிவாதத்தால் கால் போனது என்று நீயே சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஆறு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் நினை. அவன் காலைப் பார்.

பீர்

அலோன்
9 செப்டம்பர் 1926

பீர் முகைதீனுக்கு,

செவ்வாய்க்கிழமை ஜெயித்தோம். ரவூப் முழு ஆட்டமும் ஆடினான்.

புதன்கிழமை கட்டை அவிழ்த்தேன். பாதம் கறுத்திருந்தது. கிள்ளினேன், தெரியவில்லை என்றான். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உனக்குத் தந்தி அடிக்கக் கை வரவில்லை. உன் தந்தி வந்தது மூன்று நாள் கழித்து.

உன் கடிதத்தை இருமுறை படித்தேன். உன்னைத் திட்ட வார்த்தை தேடினேன். மைதானத்தில் ரவூபின் கணுக்காலை அழுத்தியபோது அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. நானும் சுளுக்கு என்றேன்.

இருபதாம் தேதிக் கப்பலில் வருகிறான். துறைக்கு நீயே போ. படியில் இறங்கப் பழகவில்லை.

இந்தக் கட்டை எங்கே கற்றீர்கள் என்று கேட்டான். கல்லூரியில் என்றேன். யாரிடம் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

கம்பெனி அடுத்த மழைக்கும் என்னையே இருக்கச் சொல்கிறது. சரி என்று சொல்லியிருக்கிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ராஜரத்தினம்