கடைச் சுவரில் உன் படம்

அன்பு மகனுக்கு,

உன் அப்பாவின் இறுதி ஆராதனைக்கு வந்தவர்கள்: நான், உன் அக்கா சோல்வை, போதகர், காப்பி ஊற்றிய சபைப் பெண்கள் நால்வர், தூண்டில் கடை ஆர்வித். பனியில் சாலை அடைத்துவிட்டதென்று நீ போனில் சொன்னதை அவர்களிடம் சொன்னேன்.

ஆர்வித் சிரித்துவிட்டார். "என்னம்மா நீங்க! காலையில நம்ம ஏரியிலதான் ஐஸ்ல ஓட்டை போட்டு, தூண்டில விட்டுட்டு உக்காந்திருந்தான். பதினோரு பவுண்டு பைக் மீன்! படத்தைக் கடைச் சுவத்துல ஒட்டிட்டேன். நாத்தம் போகக் குளிச்சிட்டு வருவான், பாருங்க."

சோல்வை அவர் காலை மிதித்தாள். நான் அவருக்கு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினேன்.

வேறு மீனாக இருந்திருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அந்த ஏரியில் பைக் மீன் அகப்படுவதே அபூர்வம். உன் அப்பா ஆயுள் முழுக்க உட்கார்ந்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கர்த்தர் அதை அன்றைக்கு உனக்குக் கொடுத்தார். ஏன் என்று நான் அவரைக் கேட்கவில்லை.

மண் உறைந்து குழி தோண்ட முடியாததால் அப்பாவின் பெட்டி இன்னும் கல்லறைத் தோட்டத்து அறையில்தான் இருக்கிறது. மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை அடக்கம். அன்றுதான் கோடை மீன்பிடிப் பருவமும் தொடங்குகிறது. பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர் கிடைத்திருக்கிறார்கள்.

நீ வருவாயா, மாட்டாயா? சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா