கிழக்குப் பக்கத்து ஆறு விளக்குகள்

அன்பு மகள் மிஹியாத்தாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் சித்தப்பா பாவோரா, கோழிகள், நொண்டி நாய் எல்லோரும் சுகம். கடல் தாண்டி அந்தச் செம்மண் காட்டுச் சுரங்கத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், தினமும் காலையில் ஆண்டவரிடம் முதலில் கேட்பது அதைத்தான். வீட்டளவு உயரமான லாரியை ஓட்டுகிறாய், பெல்ட் போட்டுக்கொள், தண்ணீர் நிறையக் குடி. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், அப்புறம் ரெண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவோம். ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கேட்பேனோ என்று பயப்படாதே, நான் அதைக் கேட்கிற ஆளில்லை என்று உனக்கே தெரியும். இது உன் அப்பாவைப் பற்றிய விஷயம். குளித்துச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படி.

போன செப்டம்பரில் அப்பாவை மண்ணில் வைத்தோம். அதற்குப் பிறகு வருகிற முதல் மாட்டாரிக்கி இது. விடிவதற்கு முன்னால் அந்த ஒன்பது நட்சத்திரக் கூட்டம் கிழக்கே எழும்பும்போது, அந்த வருடம் போனவர்களின் பேரைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டு வழியனுப்ப வேண்டும், அப்போதுதான் அவர்களும் போய் நட்சத்திரமாவார்கள். ஒன்பது மாதமாக அந்த ஒரு காலைக்காகத்தான் நான் எழுந்தேன், சாப்பிட்டேன், துணி துவைத்தேன். கோட்டை மேட்டில் நின்று கூப்பிட வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன், உன் தாத்தாவை, அவருடைய அப்பாவை எல்லாம் அங்கிருந்துதான் கூப்பிட்டார்கள். ஆனால் கோட்டை மேட்டிலிருந்து கிழக்கே பார்த்தால் இப்போது மாட்டாரிக்கி தெரியாது. மேட்டுக்குக் கீழே கிவிப்பழம் பெட்டி கட்டும் கொட்டகை இருக்கிறதே, அதன் முற்றத்தில் ஆறு உயரக் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் நாலு பெரிய விளக்குகள். விடிய விடிய எரிகிறது. அந்தப் பக்கத்து வானம் முழுக்கப் பால் கொட்டியது மாதிரி வெளுத்துக் கிடக்கும். அந்த ஆறு கம்பத்தையும் நட்டு ஒயர் இழுத்து விளக்குப் போட்டது யார் என்று கேட்கிறாயா? உன் அப்பாதான்.

இதை உன்னிடம் நாங்கள் மறைத்துவிட்டோம், தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு எதற்குச் சங்கடம் என்று. மூன்று வருடத்துக்கு முன்பு அந்த முற்றத்தில் இருட்டில் ஃபோர்க்லிஃப்ட் இடித்து ஒரு டோங்கா தேசத்து ஆளின் கால் நசுங்கிப்போனது. அப்பா அங்கே எலக்ட்ரீஷியன், மனசு கேட்கவில்லை, முதலாளி ரெண்டு கம்பம் கேட்டால் இவர் ஆறு போட்டார். சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மாதம் ஒருமுறை பள்ளிக்கூட மைதானத்தில் ஊரைக் கூட்டி வானம் காட்டுகிறவன், இருட்டுக்குப் பழகின கண் கூசக் கூடாதென்று டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி வைத்திருப்பவன், ஊர்க்கூடத்துக் குளியலறை விளக்கை பிஸ்கட் டின்னால் மூடிவைத்தவன். நேராக வந்து அண்ணனிடம், "நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் போன வழியில நீ கம்பம் நட்டுட்டே"ன்னு கத்தினான். இவரும் விடவில்லை, "கால் போன மனுசன்கிட்டப் போய் உன் நட்சத்திரத்தைக் காட்டு"ன்னார். அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரே தெரு, ஒரே தேவாலயம், ஒரே பெஞ்சின் ரெண்டு ஓரம். அந்த வருடத்திலிருந்து மாட்டாரிக்கிக்குப் பாவோரா எல்லோரையும் வேனில் ஏற்றி நாற்பது நிமிஷம் தள்ளி ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போனான், அப்பா அந்த நாளில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பார், தூங்குகிறவர் மாதிரி. அவர் தூங்கவில்லை என்பது பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா? சாவுக்கு நீ வந்தபோது சித்தப்பா மூன்று நாளும் பெட்டியின் கால்மாட்டை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாய். எவ்வளவு பாசம் என்று சொன்னாய். பாசமும்தான், வேறொன்றும் இருந்தது.

இந்த வருடமும் பாவோரா கடற்கரைக்குத்தான் வேன் பேசிவைத்தான். நான் முடியாது என்றேன். "அண்ணி, அவன் பேரை அவன் போட்ட வெளிச்சத்தைப் பார்த்து என்னால கூப்பிட முடியாது, நட்சத்திரமே தெரியாம யாரைப் பார்த்துக் கூப்பிடுறது?" என்று கேட்டான். நியாயம்தான். அதனால் நானே கிளம்பி அந்தக் கொட்டகை மேனேஜர் ப்ரென்டிடம் போனேன். ஒரு காலை, அரை மணி நேரம், அந்த ஆறு கம்பத்தை மட்டும் அணைத்துத் தாருங்கள் என்றேன். நல்ல மனுஷன், நாற்காலி போட்டு டீ கொடுத்துவிட்டு, "முடியாதேம்மா, அது இருட்டினா தானா எரியுது, வெளிச்சம் வந்தா தானா அணையுது, நடுவுல அணைக்க வழியே இல்ல. மெயினை இறக்கினா குளிர் அறையும் சேர்ந்து நின்னுடும், அத்தனை பழமும் போச்சு. அந்த சுவிட்ச் பெட்டியோட சாவிகூட எங்ககிட்ட இல்ல, உங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து தேடுறோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்பு டப்பாவில் உப்பு என்றும் சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்றும் வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டுகிற மனுஷர், சாவிக்கொத்தில் மட்டும் ஒன்றும் எழுதமாட்டார், திருடனுக்கு நாமே வழி சொல்லக் கூடாதாம். ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் அந்தக் கொத்து இன்னும் தொங்குகிறது. மறுநாள் மத்தியானம் எடுத்துக்கொண்டு போனேன்.

ப்ரென்டும், ராத்திரி ஷிஃப்டைப் பார்த்துக்கொள்கிற பல்பீர் கவுரும், நானும் அந்தப் பெட்டி இருக்கிற பம்ப் ரூமுக்குள் நின்று ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தோம், பதினேழாவது சாவி திறந்தது. உள்ளே எல்லாம் அவர் கை. ஒயர்கள் தலைவாரிப் பின்னியது மாதிரி ஒழுங்காக, ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை டேப், பெரிய பெரிய எழுத்து. குளிர் அறை ஒன்று, குளிர் அறை ரெண்டு, வாசல், கழிவறை. கடைசி வரிசையில் ஓரமாக ஒரு தனி சுவிட்ச். அதன் கீழே எழுதியிருந்ததை நான் வாசித்தேன், பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தேன். "கிழக்கு ஆறு. பாவோரா கேட்டால்."

மிஹி, மூன்று வருடமாக அது அங்கே இருந்திருக்கிறது. விளக்குப் போட்ட அன்றைக்கே அணைக்கவும் வழி வைத்துவிட்டு, தம்பி வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். என்னிடமும் சொல்லவில்லை, மேனேஜரிடமும் சொல்லவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏன் மனுஷா, நீயே தெரு தாண்டிப் போய்ச் சொல்லியிருந்தால் வாய் வெந்தா போயிருக்கும் என்று அந்தப் பெட்டியைப் பார்த்துத் திட்டினேன், பல்பீர் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ப்ரென்ட், "அரை மணி நேரம், அத்தனை பேரும் உள்ள இருக்கணும், வண்டி ஒண்ணும் நகரக் கூடாது" என்றார். பல்பீர் அந்த நேரத்துக்கு டீ இடைவேளையை மாற்றிவைத்தாள். சித்தப்பாவிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை. வேனை வேண்டாமென்று சொல்லு, விடியுமுன்னே ஐந்தரைக்குக் கொட்டகை வாசலுக்கு வா, மூக்குக்கண்ணாடியை மறக்காதே என்று மட்டும் சொன்னேன்.

ஊர் மொத்தமும் மேட்டில் ஏறி நின்றது, மண்ணடுப்பில் கிழங்கும் விலாங்கும் வெந்துகொண்டிருந்தன. பாவோரா முறைத்த முகத்தோடு வந்தான். பம்ப் ரூமுக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து, கடைசி வரிசை, வாசி என்றேன். வாசித்தான். அவன் உதடு மட்டும் அசைந்தது. சுவரில் கை வைத்துச் சாய்ந்துகொண்டான். பிறகு அந்தப் பெட்டியிடம், அண்ணன் எதிரில் நிற்பது போலவே, "அண்ணா, கொஞ்சம் அணைச்சுடேன்" என்றான். சொல்லிவிட்டு அவனே சுவிட்சை இறக்கினான்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. இருட்டென்றால் அப்படி ஒரு இருட்டு, பாவோராவின் கையைத் தடவித்தான் பிடித்தேன். அப்படியே வெளியே வந்து நின்றோம். குளிர் அறை மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பத்து வந்தது, நூறு வந்தது, அப்புறம் எண்ணிக்கையெல்லாம் போய்விட்டது, அரை நிலா இருந்தும் அத்தனை. மேற்கே, நம் கதையில் வருகிற மாவுயின் தூண்டில் முள், அந்த வளைந்த நட்சத்திர வரிசை, மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, தெற்கே, மேகம் மாதிரி இருந்தும் கலையாத அந்த ரெண்டு நட்சத்திரத் திட்டும் உயரத்தில் தெரிந்தன. இத்தனையும் மூன்று வருடமாக இங்கேயேதான் இருந்திருக்கிறது, நம் கூரைக்கு மேலே, நாங்கள் பார்க்காத ராத்திரிகளிலும். இவ்வளவு பெரியதற்குக் கீழேயா நான் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டும் கரன்ட் பில் கட்டிக்கொண்டும் திரிந்தேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது. கிழக்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக எழுந்தது, அதற்கு இடப்பக்கம் முக்கோணம், அதற்கும் இடப்பக்கம், தோட்டத்து மரவரிசைக்குச் சற்று மேலே, ஒரு கொத்தாக, நடுங்கிக்கொண்டு, மாட்டாரிக்கி. அறுபத்திரண்டு வயதுக் கண்ணுக்கு ஏழு தெரிந்தது மகளே, ஏழு!

உள்ளேயே இருக்கச் சொன்ன ஷிஃப்ட் ஆட்கள் டீக்கோப்பையோடு ஒவ்வொருவராக வெளியே வந்துவிட்டார்கள், டோங்கா ஆட்கள், வனுவாட்டு ஆட்கள், பல்பீரின் பஞ்சாபிப் பெண்கள். யாரும் அவர்களைத் திரும்பப் போகச் சொல்லவில்லை. பல்பீர் அண்ணாந்து பார்த்தபடியே, "எங்கம்மா உயிரோட இருந்தப்ப இதைக் கித்தின்னுவாங்க, படிச்சவங்க கிருத்திகைன்னுவாங்க. ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறப்ப இதைப் பார்த்துத்தான் நேரம் சொல்லுவாங்க" என்றாள். அப்போ அம்மாவையும் கூப்பிடு, மேட்டுக்கு வா என்று இழுத்துக்கொண்டு போனேன், பின்னாலேயே அத்தனை பேரும் ஏறினார்கள். பாவோரா வேண்டுதல் பாடினான், அடுப்பைத் திறந்து நட்சத்திரங்களுக்குப் படையலாக ஆவியை மேலே விட்டோம். பிறகு நான் முன்னால் வந்து உன் அப்பாவைக் கூப்பிட்டேன். ஹோரோமோனா! என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. போய்ச் சேருங்கள், நான் நன்றாக இருக்கிறேன், நட்சத்திரமாகிவிடுங்கள் என்றேன். எனக்குப் பின்னால் பாவோரா, "அண்ணா! அங்க போயாவது லைட்டுக் கம்பம் நடாதே!" என்று கத்தினான், கூட்டம் முழுக்கச் சிரித்துக்கொண்டே அழுதது. அப்புறம் ஒவ்வொரு பாஷையிலும் ஒவ்வொரு பேர். பல்பீர் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். கால் போன அந்த டோங்கா மனுஷர் கட்டையை ஊன்றிக்கொண்டு ஏறிவந்து உன் அப்பா பேரையே கூப்பிட்டார். கடைசியில் ப்ரென்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு மெதுவாக டக்கர் என்றார், அவருடைய நாயாம், போன மாதம் போனதாம். போகட்டும், நாயும் வீட்டில் ஒன்றுதானே. அரை மணி என்றது ஒரு மணி நேரமாயிற்று, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

அடுத்த வருடத்துக்குள் எல்லா விளக்குக்கும் தகர மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பிவைப்பதாக ப்ரென்ட் சொல்லியிருக்கிறார், முற்றத்தில் வெளிச்சமும் குறையாது, வானமும் கெடாது. பாவோரா தினம் போய் அளவெடுத்து அவர் உயிரை வாங்குகிறான். அந்த டேப்பை மட்டும் யாரும் உரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். உன் ஷிஃப்ட் முடிந்ததும் சுரங்கத்து விளக்கையெல்லாம் தாண்டி வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப்போய் நிறுத்து, இங்கே எழுந்ததற்கு நாலு மணி நேரம் கழித்து அதே கூட்டம் உனக்கும் எழும்பும். அப்பாவை நீயும் ஒருமுறை கூப்பிடு. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போ.

இன்னும் ஒன்று, இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்றைக்கு மேட்டிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து உன் அறைக்குள் போனேன். நீ போன இந்த நாலு வருடமாக மாதம் ஒருமுறை உன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து விரித்துவைக்கிறேன், அதை உன்னிடம் சொன்னதே இல்லை. நீயாக வருவாய் என்று இருந்தேன். அந்த மெத்தையில் உட்கார்ந்தபோது, அந்த சுவிட்ச் பெட்டி முன்னால் நின்று உன் அப்பாவை என்ன சொல்லித் திட்டினேன் என்பது ஞாபகம் வந்தது. அதனால் கேட்கிறேன் மிஹி. வீட்டுக்கு வா.

ஆண்டவரும் நம் முன்னோர்களும், இப்போது உன் அப்பாவும், உன் தலைக்கு மேலே இருந்து காக்கட்டும். பெல்ட்டை மறக்காதே.

உன்னைக் கேட்டுக்கொள்ளும் அம்மா,
ஹூரியா