எல்லாரும் தப்பாக எழுதுவது என்று

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது, அதுவரைக்கும் நலம். போனில் இதைப் பேச முடியாது. உங்கள் அக்கா பக்கத்திலேயே இருக்கிறார்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கும் உங்கள் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் மாலை வகுப்பு நடக்கிறதென்று சொன்னேன் இல்லையா. எந்த விரிப்பு எந்த வார்டுக்கு என்று, மூலையில் தைத்த நூலின் நிறத்தைப் பார்த்துத்தான் இத்தனை காலம் பிரித்தோம். இப்போது திரை வைத்த மெஷின் வந்திருக்கிறது, அதில் எல்லாம் எழுத்து. அதற்காகத்தான் கம்பெனியே டீச்சர் வைத்துச் சொல்லிக்கொடுத்தது. இந்தக் கடிதத்தை என் கையாலேயே எழுதுவதும் அதனால்தான். இந்த வயதில் இப்படி ஒரு யோகமா என்று பூரித்துப்போனோம். அடுப்பில் இருப்பது தீய்வதுகூடத் தெரியாமல் உங்கள் அக்கா வாய்விட்டுப் படிப்பார்.

பரீட்சைக்கு முந்தின வாரம் சூப்பர்வைசர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் போதுமாம், மற்றவர்கள் வேண்டாமாம். சாப்பாட்டு நேரத்தில் கூடிப் பேசினோம். எல்லாரும் தப்பாகவே எழுதுவது, யாரும் தேறாவிட்டால் மெஷினை யார் ஓட்டுவார்கள் என்று முடிவானது. உங்கள் அக்காவும் தலையாட்டினார்.

அப்புறம் அவர் மட்டும் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டார்.

ஏன் என்று கேட்டதற்கு, "தெரிஞ்ச பதில தெரியாதுன்னு எழுத கை வரலம்மா, இத்தனை வருஷமா தெரியாமத்தானே இருந்தேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் திறமை முழுதும் உங்களோடு நின்றுவிட்டது போலிருக்கிறது.

போன மாதக் கடைசியோடு எங்களுக்கு வேலை போய்விட்டது. அவர் மட்டும் மெஷின் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. வேலையை விட்டுவிடட்டுமா என்று நேற்றுக் கேட்டார். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

நாங்கள் எல்லாரும் தப்பாக எழுதியிருந்தாலும் வெளியிலிருந்து யாரையாவது கொண்டுவந்து உட்கார வைத்திருப்பார்கள். அன்றைக்கு அது ஒருத்திக்கும் தோன்றவில்லை. இப்போது புத்திக்குப் புரிகிறது, மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

"உங்க மேல தப்பில்ல" என்று அவரிடம் சொல்ல வாயெடுக்கிறேன், வரவில்லை. அதை நீங்கள் எழுதுங்கள். எனக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டாம். அவர் பெயருக்கே தனியாகப் போடுங்கள். அவரே பிரித்துப் படித்துக்கொள்வார்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மனைவி