நாலாவது பதில்

மார்ச் 4, ஞாயிறு

வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஊரார் பார்வைக்கு லென்ஸ் தேய்க்கிறேன். ஞாயிறு மட்டும்தான் என் கண் எனக்குச் சொந்தம். இன்று புது வீடியோ விளையாட்டைத் தொடங்கினேன். சண்டை குறைவு, பேச்சு அதிகம். அகலமான ஓர் ஆறு. அணையவே அணையாத அந்தி வெளிச்சம். தன் பெயரை மறந்துவிட்ட ஓர் ஓடக்காரி. கரைக்குக் கரை நிறுத்தி எதிர்ப்படுகிறவர்களோடு பேச வேண்டும். யார் எது கேட்டாலும் டிவி திரையின் அடியில் மூன்று பதில்கள் வரும். கன்ட்ரோலர் பொத்தானால் ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கமாக ஓடும். பாதி நாவல், பாதி கனவு.

அம்மா சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து பேச்சு போனபின் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இந்த வாடகை வீட்டுக்குத்தான் கூட்டி வந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய சொந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

மார்ச் 6

அம்மா வாயில் எல்லாவற்றுக்கும் 'குடை'தான். தண்ணீருக்கும் குடை, போர்வைக்கும் குடை. இன்று எதை எதையோ கொண்டுவந்து கொடுத்தேன். கடைசியில் பார்த்தால், ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறாள். சாத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் என்மேல் இல்லை. இல்லைதானே?

மார்ச் 9

அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி தர வரும் பெண் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவங்க சொல்ல வர்றத நீங்க முடிச்சு வைக்காதீங்க சார். காத்திருங்க. முடியலன்னா ரெண்டு மூணு பதில் சொல்லி எதுன்னு கேளுங்க. எல்லாம் புரியுது அவங்களுக்கு. வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு."

எல்லாம் புரிகிறது. அப்படியானால் அவள் எதிரிலேயே நின்று நான் அக்காவிடம் போனில் பேசியதெல்லாம்?

மார்ச் 11, ஞாயிறு

இதை எழுதிவைக்காமல் இருக்க முடியாது.

விளையாட்டு வேறு மொழியில் இருக்கிறது. நல்ல வரி வந்தால் வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பது என் பழைய பழக்கம். 'நடு ஆற்றில் யாருக்கும் வயது ஏறுவதில்லை' என்று ஒரு வரி வந்தது, சொன்னேன். பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம். அம்மா விழித்திருந்தாள்.

கரையில் நின்று ஓடக்காரியை அவள் உடன்பிறந்தவன் கூப்பிட்டான். அண்ணனா, தம்பியா? அந்த மொழிக்கு அந்தக் கவலை இல்லை. தமிழில் அது தெரியாமல் வாயைத் திறக்க முடியாதே! அம்மாவைக் கேட்டேன். கையைத் தாழ்வாகப் பிடித்துக் காட்டினாள். சரி, தம்பி.

"எங்க போயிருந்தேக்கா இத்தனை நாளா?" என்று கேட்கிறான் தம்பி. ஒன்று: உன்னைத் தேடித்தான். இரண்டு: எனக்கே தெரியாது. மூன்று: பதிலே சொல்லாமல் ஓடத்தைக் கட்டு. அம்மா மூன்று விரலைத் தூக்கினாள். தூக்கிவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தாள், தோள் குலுங்க. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 13

கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கன்ட்ரோலரை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். டீகூடக் குடிக்க விடவில்லை.

மார்ச் 18, ஞாயிறு

அம்மாவின் ஓடக்காரி கூசாமல் பொய் சொல்கிறாள். ஓடத்தில் தொற்றுநோய்ப் பிணம் இருக்கிறது என்று சொல்லிச் சுங்கக்காரனை ஓடவிட்டாள். ஒரு வியாபாரியின் விளக்கைத் திருடினாள். கல்யாணம் கேட்டு வந்த ஒரு நல்ல மனிதனை, எனக்கு அவனைப் பிடித்துக்கூடப் போயிருந்தது, ஆற்று நடுவில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டாள். "பாவம்மா அவன்" என்றேன். "குடை" என்றாள். அந்தக் குடைக்கு உரை தேவையில்லை: போனால் போகிறான்.

நான் தனியாக ஆடினால் எப்போதும் நல்ல பெயர் வாங்கும் பதிலைத்தான் தொடுவேன். அம்மா தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தவள். ஒரு விலாசம் தப்பாது என்று பெயர் எடுத்தவள். இந்தத் திருடி இவ்வளவு காலம் எங்கே ஒளிந்திருந்தாள்?

மார்ச் 25, ஞாயிறு

நூலகர் போன் செய்தார். "நீங்க இல்லாம கதை நகர மாட்டேங்குது, எப்ப வர்றீங்க?" பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல்: "உன் மந்திரவாதி கிணத்துக்குள்ளயே கெடக்கான்டா!"

நூலகர் கிளை நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மணி. சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்களில் அவன்தான் சின்னவன், தாடியால் வந்த பட்டம். ஒரு நாவலில் ஒரு கதாபாத்திரம் செத்தது நியாயமா என்று மூன்று பேரும் இணையத்தில் கட்டிப் புரண்டு சண்டை போட்டதில் நண்பர்களானோம். ஞாயிறு மத்தியானம் நூலகர் வீட்டில் கூடுவோம். முதலில் அந்த வாரம் படித்த நாவலைப் பற்றிய சண்டை. பிறகு காகிதமும் பகடையும் வைத்து ஆளுக்கொரு வேஷம் கட்டி ஆடும் கதை. என் வேஷம் மந்திரவாதி. அம்மா வந்ததிலிருந்து நான் போகவில்லை.

சாயங்காலம் ஆற்றில் மூடுபனி. அம்மா திடீரென்று "கடேசி?" என்று கேட்டாள். குடை இல்லை! கடைசி! எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாள். இப்போது எழுத்து பிடிபடுவதில்லை, புத்தகத்தை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாள். "இதுல கடைசிப் பக்கத்துக்குத் தாவ முடியாதும்மா. போனாத்தான் வரும்" என்றேன். டிவியை ஓர் ஏமாற்றுப் பேர்வழியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

ஏப்ரல் 3

வெளியூரிலிருந்து அக்கா போன். "அம்மாவ உக்கார வச்சு வீடியோ கேம் ஆடுறியாமே? பகல்ல வர்ற நர்ஸம்மா சொன்னாங்க. உனக்கு என்ன, இன்னும் பத்து வயசா?" பேச்சு வருகிறது அக்கா என்றேன். "கேம் ஆடினா வருமா? இங்க ரூம் தயாரா இருக்கு. மே மாசம் நானும் அத்தானும் வந்து கூட்டிட்டுப் போறோம்." முடியாது, இங்கேதான் இருப்பாள் என்றேன். நீயா நானா என்று நீண்டுகொண்டே போயிற்று. போனை வைத்துத் திரும்பினால் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுபடியும் மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு

ஆற்றின் மேல்கோடிக்கு வந்துவிட்டோம். அங்கே தண்ணீரும் வானமும் ஒரே நிறம். ஓடம் எதன்மேல் போகிறது என்றே தெரியவில்லை. அங்கே தம்பி காத்திருக்கிறான். "போதும்க்கா, களைச்சுட்டே. துடுப்பக் குடு, என் வீட்டுலயே இரு" என்கிறான். ஒன்று: நன்றி சொல்லித் துடுப்பைக் கொடு. இரண்டு: அழுதுகொண்டே கொடு. மூன்று: நாளைக்குக் கொடுக்கிறேன் என்று சொல்.

"இல்ல" என்றாள் அம்மா.

மறுபடி படித்தேன். "இல்ல." சரி, மூன்றாவதுதான் பக்கத்தில் வருகிறது என்று அதைத் தொடப் போனேன். என் கையில் ஓர் அடி வைத்தாள். நல்ல அடி. வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, எதையோ இழுத்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள்: "துடுப்பு... எனக்கு."

"அப்படி ஒரு பதில் இதுல இல்லம்மா."

என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். கன்ட்ரோலரை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

ஏப்ரல் 10

நூலகரிடம் சொன்னேன். "மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும். நாங்க கேப்போமே. ஞாயித்துக்கிழமை அங்க வர்றோம்" என்றார்.

ஏப்ரல் 15, ஞாயிறு

வந்தார்கள். சாப்பாட்டு மேசைமேல் காகிதம், பென்சில், இருபது முகப் பகடை. நூலகர்தான் கதை சொல்பவர். அம்மாவுக்கும் ஒரு காகிதம். "நீங்க யாரா இருக்கணும்மா?" துடுப்புப் போடுவது போலக் கையை அசைத்தாள். ஓடக்காரியேதான்.

ஜன்னல் வெளிச்சம் மேசையில் மஞ்சளாகக் கிடந்தது. நூலகர் குரலைத் தாழ்த்தினால் அறையே தண்ணீருக்குள் இறங்குவது போல இருக்கும். பனிக் கோட்டை. கல் வாசல். சாவி தொங்கும் இடுப்போடு ஒரு காவலன். "யார் நீ? உன் பேரைச் சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்கிறான். நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

மூன்று பதில்கள் இல்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சித்தப்பா பிஸ்கட்டை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தான். எனக்குத்தான் பொறுக்கவில்லை, வாயைத் திறந்தேன்; நூலகர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"சொல்ல... மாட்டேன்" என்றாள் அம்மா. "நீ... யாரு... கேக்க?"

சித்தப்பா நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப் பார்த்தான். பகடையை உருட்டச் சொன்னார் நூலகர். நல்ல எண். காவலன் வாயடைத்து வழிவிட்டான். அம்மா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ராணியே தோற்றாள் போங்கள்.

ஏப்ரல் 29, ஞாயிறு

ஓடக்காரி இன்று கோட்டையையே தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகலாம் என்கிறாள். பகடையும் அவள் பக்கம்தான். கோட்டை மிதக்கிறது.

மே 5

அக்காவும் அத்தானும் வந்துவிட்டார்கள். அம்மாவின் துணிமணிக்குப் புதுப் பெட்டிகூட வாங்கி வந்திருக்கிறாள் அக்கா.

டீ ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டோம். உன் வீட்டுக்கு மாடிப்படி ஏற வேண்டும் என்றாள். உன் வீட்டில் பகலில் ஆளே இல்லை என்றேன். அத்தான் நடுவில் புகுந்து, "ஏன், அவங்களையே கேட்டுடலாமே" என்றார். அக்கா அம்மாவின் முன்னால் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, என்கூட வர்றியா? இல்ல தம்பிகூடயே இருக்கியா? இல்ல ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்கயா?"

இரண்டாவதைச் சொல்வாள் என்று — சொல்வாள் என்ன, இரண்டு விரலைத் தூக்குவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இல்ல" என்றாள்.

"எது இல்ல?"

"மூணும்." அக்கா ஏதோ சொல்ல வந்தாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, எங்கேயோ கீழே கிடந்த சொல்லை எடுப்பது போல எடுத்தாள். "என்... வீடு."

அக்கா உடைந்துவிட்டாள். "தனியா விழுந்து கெடந்தியேம்மா! போன் எடுக்கல, எடுக்கலன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுபடியும் அந்த வீட்லயா?" அம்மா அவள் தலையைத் தடவினாள். தடவிக்கொண்டே திரும்பவும் சொன்னாள், இந்தத் தடவை திக்காமல்: "என் வீடு."

மே 6, ஞாயிறு

வலிக்குது. எழுதினா என்ன, எனக்குத்தானே எழுதறேன். இவ்வளவு செஞ்சும் நான் வேணாமா? என்கூட ஆடினா, என்கூடச் சிரிச்சா, கடைசில என் வீடுங்கறா.

என் வீடு என்றுதானே சொன்னாள். நீ வேண்டாம் என்று எங்கே சொன்னாள்? துடுப்பைக் கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மூன்றாவதைத் தொடப் போனவன்தானே நான்.

மே 7

கடைக்குக் கிளம்பும்முன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போலாம்மா" என்றேன். "எப்ப?" என்று கேட்டாள், உடனே. சிரிப்புதான் வந்தது.

மே 20, ஞாயிறு

அம்மா வீட்டில் நாள் முழுக்க வேலை. சித்தப்பா குளியலறையிலும் வாசலிலும் கைப்பிடிக் கம்பி அடித்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி. அமுக்கினால் அடுத்த வீட்டில் அடிக்கும். பகல் துணைக்கு நர்ஸம்மா அங்கேயே வரச் சம்மதித்துவிட்டார். இரவுக்கு, இப்போதைக்கு, நான். அக்கா தூசி தட்டியபடியே, "இது சரிப்படாது, பாரு, சரிப்படாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிக்கொண்டே அம்மாவின் நாவல்களைப் பழைய வரிசைப்படி அடுக்கினாள்.

ஜூன் 3

அம்மா தன் வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் கம்பியைப் பிடித்து நின்று, உள்ளே போகாமல், காற்றை முகர்ந்துகொண்டிருந்தாள். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஜூலை 22

இரவுத் துணை போன வாரத்தோடு போதும் என்று சொல்லிவிட்டாள். "நீ... உன் வீட்ல... தூங்கு" என்றாள். முழு வாக்கியம். பயிற்சிப் பெண் கேட்டுவிட்டுக் கைதட்டினார். எனக்குத் தூக்கம்தான் வரவில்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

மழையில் பஸ் பாலத்தின் மேலேயே நின்றுவிட்டது. கீழே ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் அம்மா வீடு போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் பாதியில் இருந்தது. நூலகர், சித்தப்பா, அம்மா. போனில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அக்கா. இந்த மாதம் அவளும் சேர்ந்திருக்கிறாள், வைத்தியச்சி வேஷம். சண்டை வந்தால் முதலில் ஓடுகிறாள்.

"என் மந்திரவாதி எங்க?" என்று கேட்டேன்.

"முந்தின தீவுல விட்டுட்டு வந்துட்டோம்" என்றான் சித்தப்பா. "அம்மா முடிவு."

அம்மாவைப் பார்த்தேன். பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "அவன்... வருவான்" என்றாள் மெதுவாக. "நீந்தத் தெரியும்."

"அடுத்தது என்னம்மா?" என்றார் நூலகர். அம்மா யோசித்தாள். போனுக்குள் அக்காவும் பேசாமல் காத்திருந்தாள். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. சட்டையைப் பிழிந்து உலர்த்திவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தேன். அம்மா பேச ஆரம்பித்தாள்.