மாரீஸ்வரி மீது நான் கொடுத்த இணைய வேகப் புகாரைத் திரும்பப் பெறுவதும், அவருடைய ஏஜென்சியை மீட்டுத் தரக் கோருவதும்

அனுப்புநர்
சு. சந்தனம்மாள்,
வாழைத்தார் மொத்த வியாபாரம்,
மார்க்கெட் தெரு, சின்னமனூர்,
தேனி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: மலைத்தென்றல் பிராட்பேண்ட் நிறுவனம் – வேகக் குறைவு என்ற என் புகார் தவறு எனத் தெரிந்தது – நிறுத்தப்பட்ட ஏஜென்ட் மாரீஸ்வரியை மீண்டும் அமர்த்தவும், வேக அளவைத் தெளிவாக அச்சிடவும் உத்தரவிட வேண்டுதல்.

பார்வை: சென்ற மாதம் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கொடுத்த புகாரால் ஒரு பெண்ணின் பிழைப்பு நின்றுபோனது. புகார் தப்பு என்பதைத் தாங்கள் அனுப்பிய பொறியாளர் வந்த அன்றே கண்டு சொல்லிவிட்டார். அதற்கு நன்றி சொல்லவும், கெட்டுப்போனதைச் சரிசெய்து தரக் கேட்கவும் இந்த மனுவை எழுதுகிறேன்.

1. நான் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் தலைச்சுமையாகப் பழம் விற்று மேலே வந்தவள். எடை போட்டால் தராசை நானே பார்ப்பேன். யார் சொன்னாலும் அப்படியே நம்புவதில்லை. அதனால்தான் கடை இன்றும் நிற்கிறது. இப்போது கேரள வியாபாரிகள் நேரில் வருவது குறைவு. தார்களை வீடியோ எடுத்து அனுப்பினால் பார்த்து விலை சொல்கிறார்கள். அதற்காகத்தான் மேற்படி நிறுவனத்தின் இணைப்பை அதன் ஏஜென்ட் மாரீஸ்வரி மூலம் வாங்கினேன். வேகம் நூறு என்று அவர் கொடுத்த நோட்டீசில் இருந்தது.

2. கடைக் கணினியில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போது திரையில் பன்னிரண்டுதான் ஓடியது. எங்கள் தொழிலில் தார் எடையில் தண்டுக்கென்று கழிவு உண்டு. நூறு கிலோவுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோ கழிப்போம். அதற்கே விவசாயி முகம் சுளிப்பார். இங்கே நூற்றில் எண்பத்தெட்டைக் கழித்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மாரீஸ்வரியைக் கடைக்கு வரவழைத்து, “ஏத்தா, நூறுன்னு சொல்லிப்புட்டுப் பன்னெண்டைக் காட்டுறியே, மிச்சம் எண்பத்தெட்டை யாரு தின்னது?” என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். “ஆபீசுல நூறுன்னுதான்க்கா சொன்னாக, எனக்கு வேற தெரியாதுக்கா” என்றார். பதில் தெரியாதவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டி, அவர் பெயரைப் போட்டே தங்களிடம் மனு கொடுத்தேன்.

3. தாங்கள் அந்த மனுவை ஓரமாக வைத்துவிடாமல் பொறியாளர் திருமதி சினேகா அவர்களை அனுப்பினீர்கள். அவர் என் கணினியிலேயே வேகத்தை அளந்து காட்டினார். நிறுவனம் வேகத்தைப் பிட் என்ற சிறிய அளவில் சொல்கிறது. கோப்பு இறங்கும்போது கணினி பைட் என்ற பெரிய அளவில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நொடிக்கு நூறு மெகாபிட் என்பதை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை மெகாபைட். எனக்குப் பிடிபட்ட விதத்தில் சொன்னால், காயாக எண்ணினால் நூறு. சீப்புக்கு எட்டுக் காய் என்று வைத்துச் சீப்பாக எண்ணினால் பன்னிரண்டரை. ஒரு காயும் திருடு போகவில்லை.

4. ஆனாலும் விடாமல், திரையில் பன்னிரண்டுதானே ஓடியது, அந்த அரை எங்கே போனது என்று கேட்டேன். அனுப்பும் ஒவ்வொரு துண்டோடும் விலாசமும் சரிபார்ப்புக் குறிப்பும் சேர்ந்து போவதால் கொஞ்சம் வேகம் அதற்குப் போகும் என்றார். “அம்மா, தண்டுக் கழிவுன்னு நீங்க சொன்னீங்களே, அது இந்த அரைதான்” என்று சிரித்தார். நானும் சிரித்து ஒப்புக்கொண்டேன். அதட்டாமல், அவசரப்படாமல் புரியவைத்த அந்த அம்மாவுக்கும், அவரை அனுப்பிய தங்களுக்கும் என் நன்றி.

5. இனி என் குறை. என் மனு வந்தவுடனே நிறுவனம் மாரீஸ்வரியை நிறுத்திவிட்டது. பொறியாளரின் அறிக்கை போன பிறகும் திரும்ப எடுக்கவில்லை. கிளை மேலாளரைப் போய்க் கேட்டேன். ஆட்சியர் அலுவலகம் வழியாக வந்த புகார் என்பதால், அங்கிருந்தே எழுத்தில் வந்தால்தான் புகாரிலிருந்து அவர் பெயரை நீக்க முடியும் என்கிறார். இந்த வேலையை நம்பித்தான் மாரீஸ்வரி தன் தையல் கடையை மூடினார். தையல் மிஷினையும் விற்றுவிட்டார். இப்போது கடைவீதியில் அவர் நடந்தால், “எண்பத்தெட்டு வருதுடோய்” என்கிறார்கள். அந்தப் பட்டப்பெயர் என் வாயிலிருந்து கிளம்பியது. கேட்கிறவர்களிடம் எல்லாம் உண்மையைச் சொல்லி வருகிறேன். ஆனால் என் பேச்சை நம்பி நிறுவனம் வேலை கொடுக்காது. தங்கள் கையெழுத்து இருந்தால் கொடுக்கும்.

6. நோட்டீசில் நூறு என்ற எண் மட்டும் இருக்கிறது. எந்த அளவில் நூறு என்று இல்லை. கிலோவா குவிண்டாலா என்று சொல்லாமல் எங்கள் மார்க்கெட்டில் யாரும் விலை பேச முடியாது. இதுவும் அப்படி இருந்திருந்தால் நானும் மனு எழுதியிருக்க மாட்டேன், அந்தப் பெண்ணும் தலைகுனிந்திருக்க மாட்டார்.

ஆகவே, என் முந்தைய புகாரை முழுவதும் திரும்பப் பெறுகிறேன். மாரீஸ்வரி மீது குற்றமில்லை என்று நிறுவனத்துக்கு எழுதி, அவருடைய ஏஜென்சியைத் திருப்பித் தரச் செய்யும்படியும், மெகாபிட், மெகாபைட் இரண்டு கணக்கையும் நோட்டீசில் தமிழில் அச்சிட வைக்கும்படியும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் மனுவைக் கவனித்தது போலவே இதையும் கவனிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மார்க்கெட் கடைக்காரர்கள் பன்னிரண்டு பேர் கூடிப் பேசி ஒத்துக்கொண்டதையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். மாரீஸ்வரிக்கு ஏஜென்சி திரும்பக் கிடைத்த நாளிலிருந்து பன்னிரண்டு கடைக்கும் இணைப்பு அவர் மூலம் மட்டுமே. வேகம் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட். கடைக்கு மாதம் ரூ.799, வரி தனி. ஓராண்டுக்கு யாரும் இணைப்பை விடுவதில்லை. பணத்தை மாரீஸ்வரி கையில்தான் கொடுப்போம்.

இடம்: சின்னமனூர்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. சந்தனம்மாள்